"உட்காருக்கா"

2017 ஜனவரி 18. ஆபீஸ் முடிந்து மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இறங்கியபோது எனக்கு 24 வயது. அதுவரை எந்தப் போராட்டத்துக்கும் போனதில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் கட்சிக்காரர்கள் விவகாரம். எந்த அமைப்பு, யார் கூப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. "உட்காருக்கா" என்று ஒரு பையன் நகர்ந்து இடம் விட்டான். அவ்வளவுதான், நானும் கூட்டத்தில் ஒருத்தி.

ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கச் சொல்லித்தான் கூடினோம். வாடிவாசலை நான் டிவியில்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் இருட்டியதும் ஆயிரமாயிரம் செல்போன் விளக்குகள் எரிந்தபோது தொண்டை அடைத்தது. கழிப்பறைக்கு வழியில்லாமல் தவித்த என்னை, கடற்கரையை ஒட்டிய மீனவக் குடியிருப்பான நடுக்குப்பத்து அக்கா ஒருவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் வரும்வரை வெளியே முதுகைச் சாய்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதி காலை போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. அன்று மாலையே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. நடுக்குப்பத்து மீன் சந்தை அன்றுதான் எரிந்தது. எங்களுக்குக் கதவு திறந்தவர்களின் பிழைப்பு அது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் திலகர் திடல் என்ற பெயரில் கூட்டங்கள் நடந்த கடற்கரை மெரினா. இங்கே இனிப் போராட்டம் கூடாது என்ற அரசின் நிலையை 2018-இல் உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

சமீபத்தில் அண்ணன் மகள் தன் முதல் ஆர்ப்பாட்டத்துக்குக் கிளம்பினாள். தூய்மைப் பணியாளர்களுக்கு ஆதரவாக, எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகே. முன்கூட்டியே மனு, அமைப்பின் பெயர், எத்தனை பேர், எத்தனை மணிவரை என எல்லாம் எழுதிக் கொடுத்து வாங்கிய அனுமதி.

"கைது பண்ணிட்டா என்ன அத்தை பண்றது?"

"மண்டபத்துல வெச்சிருந்து சாயங்காலம் விட்டுடுவாங்க. தண்ணி எடுத்துக்கோ."

நானும் கூடப் போனேன். ஒப்பந்தக் கூலி பற்றி அவளுக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. அந்த வயதில் எனக்கு அவ்வளவு விவரம் கிடையாது. சுற்றிலும் பேரிகார்டு, வீடியோ எடுக்கும் போலீஸ்காரர்.

தோளில் டிபன் பையோடு ஒரு பெண் பேரிகார்டுக்கு வெளியே நின்று, பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்.

"நிக்காதீங்கம்மா, போயிட்டே இருங்க" என்றார் போலீஸ்காரர்.

அந்தப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார்.