உங்களுக்குத் தெரியுமா? ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்தாச்சு… டிரைவருக்கு?

ஊர்ப் பலகையில் திருவானைக்காவல்; திருச்சிக்காரர் வாயில் திருவானைக்கோயில். ஐம்பூதத் தலங்களில் நீருக்கு உரியது. சம்புகேசுவரர் கருவறையில் லிங்கத்தைச் சுற்றி நீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஊரை ஒட்டித்தான் சென்னை நெடுஞ்சாலை ஓடுகிறது. அரியலூர்ப் பக்கத்து சிமென்ட், லால்குடி வாழைத்தார், நாமக்கல் முட்டை என்று இரவும் பகலும் லாரிகள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் எந்த டிரைவரும் சாவி திருப்புவதில்லை. தன் உடம்பில் தண்ணீர் பார்ப்பவர் எத்தனை பேர்? இந்த வாரத் துணுக்குகள் ஸ்டீயரிங் பிடிக்கும் கைகளுக்காக.

எது வசந்தம்?
தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். வேறு நாடுகளில் வசந்தம் என்றால் பூவும் குளிர்காற்றும். நமது இளவேனிலுக்குள்ளேதான் மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் உட்கார்ந்திருக்கிறது. முதுவேனில் என்று பெயர் பெற்ற ஆனியும் ஆடியும் திருச்சியில் அதைவிடக் காற்றோட்டமானவை. ஆகவே, பெயர் பின்பனி என்றாலும், லாரிக்காரருக்கு எச்சரிக்கை மாதம் பங்குனியிலேயே தொடங்கிவிடுகிறது.

நிழல் காணாமல் போகும் நாள்
ஏப்ரல் 18-ஐ ஒட்டி, பகல் பன்னிரண்டேகால் மணி வாக்கில் திருச்சியில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வரும். கம்பத்துக்கும் நிழல் இருக்காது, லாரிக்கும் இருக்காது. வண்டி ஓரத்து நிழலில் துண்டை விரித்துப் படுக்கும் வழக்கம் அந்த வாரங்களில் பலிக்காது. நிழல் தேடி வண்டிக்கு அடியில் படுக்கிறவர்கள் உண்டு. தெரியாமல் யாராவது வண்டியை நகர்த்தினால் உயிருக்கே ஆபத்து. புளியமரமோ பெட்ரோல் பங்க் கூரையோ பார்த்து ஒதுங்குங்கள்.

உச்சிக்காலம் வேறு, உச்ச வெயில் வேறு
திருவானைக்காவலில் உச்சிக்கால பூசை பிரசித்தம். அர்ச்சகர் அகிலாண்டேசுவரியாகப் புடவை உடுத்தி வந்து சம்புகேசுவரருக்குப் பூசை செய்வார். சூரியன் உச்சியில் நிற்பது அந்த நேரம்தான். காற்று உச்சச் சூட்டை எட்டுவதோ பிற்பகல் இரண்டரை முதல் நான்குக்குள். தரை சூடாகி, அது காற்றைச் சூடாக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. "உச்சி சாய்ந்துவிட்டது, இனிக் கிளம்பலாம்" என்று இரண்டு மணிக்குத் தார்ப்பாய் கட்ட ஏறினால், அடுப்பின் வாயில் ஏறுவது போலத்தான்.

ஒரு லிட்டர் வியர்வையின் வேலை
ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். நிபந்தனை ஒன்று: அது ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாக வழிந்து சீட்டில் இறங்கும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை, தண்ணீர்தான் நஷ்டம். தளர்வான பருத்திச் சட்டை, கழுத்தில் நனைத்த துண்டு, கேபினில் காற்றோட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் சிந்திய வியர்வைக்குப் பலன் கிடைக்கும்.

சூட்டுக்குப் பழக இரண்டு வாரம்
வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் வேண்டும். பழகியபின் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறைவாக வெளியேறும், ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். வடக்கே குளிர்ப் பிரதேசத்துக்கு லோடு ஏற்றிப்போய் சில வாரம் தங்கித் திரும்பினால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். "நான் பார்க்காத வெயிலா?" என்று கேட்பவர் பார்த்தது போன வருஷத்து வெயில். முதல் சில நாள் லோடு இறக்குவது, கயிறு கட்டுவது போன்ற வேலைகளைக் காலை, மாலை என்று தள்ளிப்போடுங்கள்.

நிறுத்த வேண்டாம் என்று குடிக்காதவர்கள்
வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைப்பது லைனில் பலருக்கும் உள்ள பழக்கம். சிறுநீரகக் கல் வளரப் பிடித்த சூழல் அதுதான்: சிறுநீர் கெட்டியானால் அதில் கரைந்திருக்கும் உப்புகள் படிகமாகும். அடக்கி வைத்தால் கிருமித்தொற்றும் சேரும். மீட்டர் எதுவும் வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சள் என்றால் சரி. கடுங்காப்பிக்குப் பக்கத்தில் போனால், அடுத்த டீக்கடைக்கு முன்பே அரை லிட்டர் உள்ளே போக வேண்டும்.

அம்மனும் குடிக்கிறாள்
கொள்ளிடத்தைத் தாண்டி, நம்பர் 1 டோல்கேட் வழியாகப் போனால் சமயபுரம். மாசி கடைசி ஞாயிறில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக மாரியம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்நாளில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர் மட்டும். வெயில் ஏறும் மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான உணவுப் பட்டியலை யார் எழுத முடியும்? சாலையோர நீர்மோர்ப் பந்தலில் லாரிக்காரருக்கும் ஒரு டம்ளர் உண்டு. இரவில் அதே சாலையில் மஞ்சளுடை பாதயாத்திரைக்காரர்கள் வருவார்கள். வேகத்தைக் குறைத்தால் அதுவும் ஒரு நேர்த்திக்கடன்தான்.

சர்க்கரை பிடித்து இழுக்கும் உப்பு
குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். உப்பு-சர்க்கரைக் கரைசலின் சூட்சுமம் இவ்வளவுதான். 1971-ல் வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் வாந்திபேதியால் துவண்ட மக்களுக்கு இதைக் கொடுத்துப் பெருவாரியாகக் காப்பாற்றியவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். மறைவுக்குப் பிறகு 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. மருந்துக்கடைப் பொட்டலம் கைவசம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போட்டுக் கலக்குங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்கலாம்.

எட்டு டீயின் கணக்கு
டீ குடித்தால் உடம்பு வறண்டுவிடும் என்பார்கள். அளவோடு குடித்தால் அப்படி ஆகாது. குடித்த தண்ணீரில் பெரும்பகுதி உடம்பில் தங்கும். வம்பு சர்க்கரையில் இருக்கிறது. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து கிராம். நாளுக்கு எட்டு டீ என்றால் 80 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு சுமார் 50 கிராம். 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது. "மாஸ்டர், அரைச் சர்க்கரை" என்று சொல்லக் காசு ஆகாது.

லோடிலேயே இருக்கிறது மருந்து
தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்குவது திருச்சியில்தான். பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் காந்தி மார்க்கெட்டுக்கு வண்டி வண்டியாக வருகின்றன. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். கடிக்கும்வரை உறை பிரியாத பண்டம் என்பதால் புழுதிச் சாலைக்கு இதைவிடச் சுத்தமான சிற்றுண்டி இல்லை.

நெய் ரோஸ்டுக்குப் பிறகு
திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் 1943 முதல் நெய் ரோஸ்ட் மணக்கிறது. சாப்பிடாமல் போகச் சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு வரும் மந்தமும், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை உடம்புக் கடிகாரம் தானாகவே தரும் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஸ்டீயரிங் கனக்கும். முதலில் ஒரு காபி, உடனே இருபது நிமிடக் குட்டித் தூக்கம். காபி ரத்தத்தில் ஏறி வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் கண் விழிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

சமயபுரத்து விளக்குகளும் மூன்று மணியும்
சென்னையில் இரவு எட்டுக்குப் புறப்பட்ட லோடு வண்டி சமயபுரம் டோல்கேட்டை நெருங்கும்போது விடியற்காலை மூன்று, நான்கு ஆகிவிடும். உடம்பு மிகவும் தூங்கி விழும் நேரமும் அதுவே. "இதோ திருச்சி வந்தாச்சு" என்ற எண்ணம் ஓரங்கட்ட விடாது. 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்றது. நம் நாட்டுச் சட்ட வரம்பு 0.03. ஒரு சொட்டுக்கூடத் தொடாதவரும் போதையில் ஓட்ட முடியும் என்று அர்த்தம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண் செருகினால் வண்டி ஆளில்லாமல் 50 மீட்டர் ஓடியிருக்கும்.

தும்மலை நிறுத்தும், கண்ணையும் மூடும்
பூவும் புழுதியும் பறக்கும் மாதங்களில் மூக்கு ஒழுகும். கடையில் கேட்டு வாங்கிப் போடும் அலர்ஜி மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். குளோர்பெனிரமைன் நன்றாகவே வரவழைக்கும், செட்ரிசினும் சிலரைச் சாய்க்கும். இருமல் சிரப்புகளிலும் இதே சரக்கு உண்டு. "வண்டி ஓட்டுகிறேன்" என்ற இரண்டு சொல்லை மருந்துக் கடைக்காரரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். தூக்கம் குறைவாகத் தரும் மாத்திரைகள் இருக்கின்றன.

வலது கை ஏன் கறுப்பு?
28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகப்படத்தை 2012-ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. முகத்தின் இடப்பக்கம் மட்டும் தடித்து, சுருங்கி, பத்திருபது வயது கூடியது போல இருந்தது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், ஜன்னலும் இடது பக்கம். ஜன்னல் கண்ணாடி ஒருவகைப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். தோலின் ஆழம்வரை போகும் இன்னொன்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். நமக்கு ஜன்னல் வலப்பக்கம். ஒரு முழுக்கைச் சட்டை போதும்.

காலி வண்டிதான் முதுகை உடைக்கும்
லோடு ஏற்றிய வண்டியில் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். காலியாகத் திரும்பும்போது அதே பட்டைகள் விறைத்து நின்று, பாலத்து இணைப்பு ஒவ்வொன்றையும் நேராக உங்கள் முதுகெலும்புக்கு அனுப்பும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். டயரும் தட்டிப் பார்த்ததாகும், காலில் ரத்தமும் ஓடும். பின் பாக்கெட் பர்ஸை எடுத்து டேஷ்போர்டில் வையுங்கள்: இடுப்பு ஒரு பக்கம் தூக்கி நிற்பதால் தொடை வரை இழுக்கும் வலி வரலாம். கேபினிலிருந்து குதிக்க வேண்டாம். இரண்டு கையும் ஒரு காலுமோ, இரண்டு காலும் ஒரு கையுமோ எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும்.

பானைக்குள் இன்சுலின்
வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். டேஷ்போர்டில் வைத்த இன்சுலின் அந்தச் சூட்டில் வீரியம் இழக்கும். பார்த்தால் தெரியாது, சர்க்கரை ஏறும்போதுதான் தெரியும். ஐஸ்பெட்டி இல்லாதவர்கள் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, நனைந்த மண்பானைக்குள் வைத்துக்கொள்வது பழைய யுக்தி, பலன் தரும் யுக்தி.

இனி ஏசி கேபின்
2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் சரக்கு வாகனங்களின் டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம். பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு இன்னும் பல சித்திரை மண்பானையும் ஈரத்துண்டும்தான்.

பேச்சு குழறினால் 108
வெயிலில் நின்றவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெறும் மயக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம்: நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளீனருக்கு ஸ்டெப்னி மாற்றக் கற்றுத் தருவதோடு இதையும் கற்றுத் தாருங்கள். வெப்ப அலையை 2024-ல் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது தமிழக அரசு.

குளிக்கலாம் என்று நம்பி வராதீர்கள்
மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது. நடுவில் உள்ள சித்திரையில் காவிரியும் கொள்ளிடமும் பெரும்பாலும் மணல்வெளி. பங்க் குழாயடியில் தலையோடு நாலு குவளை ஊற்றிக்கொண்டால் படுத்ததும் தூக்கம் வரும்.

மதில் சொல்லும் கூலி
திருவானைக்காவல் ஐந்தாம் பிரகார மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சித்தராக வந்த சிவன் வேலைக்காரர்களுக்குத் திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்பின் அளவுக்கு அது பொன்னானது என்றும் கதை. லாரித் தொழிலிலும் நடைக் கணக்குத்தான். ஓடினால் பொன், நின்றால் சாம்பல். ஆனால் 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வேறொரு கணக்கை எழுதியது: நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு. ஒற்றை லாரி முதலாளிக்கு அந்தக் கணக்கை எழுத ஆளில்லை. அவரேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த அரை மணியில் முதல் வேலை, பானையைச் சாய்த்து ஒரு சொம்பு. பானட்டைத் திறப்பது அதற்குப் பிறகு.