புழு வைத்திருக்கும் வீடு

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. வீட்டில் புழு இருக்கிறது, ஒருவர் மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறோம் என்பார்கள். பத்திரிகை கொடுப்பவர் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை. அவர் வீட்டிலும் அடுத்த மாதம் புழு இருக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தை வெளியூர்க்காரர்கள் மாம்பழத்தாலும் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளாலும் அறிவார்கள். இதே மாவட்டம் தமிழ்நாட்டின் பட்டுக்கூடு உற்பத்தியில் முன்வரிசையில் நிற்பது அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. காஞ்சிபுரத்துத் தறியில் நெய்யப்படும் நூலின் முதல் பாதி வேலை இந்த மேட்டு நிலத்துத் தோட்டங்களிலும் கொட்டகைகளிலும் நடக்கிறது. தோட்டம், புழு, குடும்பம் மூன்றையும் ஒரே ஆட்கள், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள், ஆண்டு முழுக்கக் கட்டி இழுக்கிறார்கள்.

வேலையின் அளவைப் புரிந்துகொள்ளப் புழுவின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தாய் அந்துப்பூச்சி 400 முதல் 500 முட்டை வரை இடும். அது ஒரு முட்டைத் தொகுதி. 100 தொகுதி வாங்கி வளர்ப்பவரின் கொட்டகையில் ஏறத்தாழ 40,000 முதல் 50,000 புழுக்கள் இருக்கும். பொரிக்கும்போது அரை மில்லிகிராம் கூடத் தேறாத புழு, சுமார் 25 நாளில் நான்கு முறை தோலுரித்து, பத்தாயிரம் மடங்கு எடை கூடிவிடுகிறது. தின்பது மல்பெரி இலை ஒன்றைத்தான். மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசி ஏழெட்டு நாளில்தான் உள்ளே போகிறது. முதல் வாரத்தில் ஒரு கூடை இலையில் முடிகிற வேலை, கடைசி வாரத்தில் விடியற்காலையிலும் இரவு பத்து மணிக்கும் கட்டுக் கட்டாகச் சுமக்கிற வேலையாக மாறுவது இதனால்தான். அந்த வாரத்தில் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் கூட வரக் கூடாது.

இந்தத் தொழில் இங்கே வேரூன்றிய கதைக்கு எல்லைக் கோட்டோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. 1780களில் திப்பு சுல்தான் வங்காளத்துக்கும் மஸ்கட்டுக்கும் சொல்லி அனுப்பிப் பட்டுப்புழு வரவழைக்க முயன்றபோது ஓசூர் மைசூர் அரசின் பக்கம் இருந்தது. பிறகு பிரிட்டிஷ் ஆட்சியில் அது சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. சென்னை மாகாணத்தின் பட்டு வளர்ப்பில் பெரும்பகுதி அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் தாலுகாவில் நடந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போனது. தமிழ்நாட்டின் கையில் தறி இருந்தது, மல்பெரித் தோட்டம் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப அரசு திரும்பிய பகுதிகளில் முதன்மையானது ஓசூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், செம்மண், பக்கத்திலேயே கர்நாடகத்துச் சந்தைகள் என எல்லாம் ஒத்துவந்தன. மத்திய பட்டு வாரியம் 1990இல் தன் மரபு வளப் பாதுகாப்பு மையத்தையும் ஓசூரிலேயே அமைத்தது. பல நாடுகளிலிருந்து திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளும் நூற்றுக்கணக்கான புழு இனங்களும் அங்கே காக்கப்படுகின்றன.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை புழு வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. கூடத்தில் மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். குடும்பம் திண்ணைக்கோ சமையலறைக்கோ ஒதுங்கும். புழு புகையைத் தாங்காது, கடும் வாசனையைத் தாங்காது. அதனால் அந்த நாட்களில் கொசுவர்த்தி கிடையாது, ஊதுவத்தி கிடையாது, பீடி வாசற்படிக்கு வெளியே. மிளகாய் வறுக்க வீட்டுப் பாட்டி கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டுவார். ஜப்பானின் ஷிரகவா-கோ கிராமத்தில் இதே சிக்கலுக்கு வீட்டையே வேறு மாதிரி கட்டினார்கள். செங்குத்தான வைக்கோல் கூரைக்குள் இரண்டு மூன்று பரண்கள், அங்கே புழு, கீழே குடும்பம். அந்த வீடுகளை 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கிருஷ்ணகிரியில் தீர்வு வேறு வழியில் வந்தது: தோட்டத்து ஓரத்தில் தனிக் கொட்டகை, ஜன்னலுக்கு நைலான் வலை, வாசலில் கால் நனைக்கப் பிளீச்சிங் தண்ணீர். அரசு மானியம் இதற்குக் கைகொடுத்தது. கூடம் மறுபடி குடும்பத்துக்குக் கிடைத்தது. மல்பெரி வளர்ப்பில் நடந்த எந்த மாற்றத்தையும் விடப் பெண்கள் இதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். பிள்ளை படிக்க ஓர் இடம், விருந்தாளி உட்கார ஓர் இடம் மீண்டும் உண்டானது.

எல்லாச் சாமர்த்தியமும் தேதி குறிப்பதில் இருக்கிறது. மல்பெரியைக் கவாத்து செய்தால் அடுத்த அறுவடைக்கு இலை திரள ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். எனவே தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மறு பாதியைத் தழைக்க விடுகிறார்கள். இலை தயாராகும் வாரத்துக்கு ஏற்ப இளம்புழு வளர்ப்பு மையத்தில் புழுவுக்குச் சொல்லி வைக்க வேண்டும். புழு வந்து இறங்கிவிட்டால் கூடு கட்டும் வரை நடுவில் நிறுத்த வழியில்லை. ஆகவே கல்யாணம், காதுகுத்து, பரீட்சை, ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் முதலில் காலண்டரில் வட்டமிட்டு, கடைசி ஏழெட்டு நாள் அவற்றின் மேல் விழாதபடி பின்னோக்கி எண்ணி வருகிறார்கள். ஒரு தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டத்துக்குக் குறையாத கணக்கு இது. சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் நடக்கிறது.

பருவம் அந்தக் கணக்கை அடிக்கடி கலைக்கும்.

மார்ச் மாதத்தில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர் முடிந்ததும் வெயில் ஏறத் தொடங்குகிறது. வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி செல்சியஸ் போதும். ஏப்ரல், மே மாதங்களில் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத் தாழ்நிலத்தில் அதற்கு மேல் பத்து டிகிரி தாண்டும். கொட்டகைக் கூரை மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, ஜன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலை வாடிவிடுவதால் விடியும் முன்பே வெட்டுகிறார்கள். மாந்தோப்பும் வைத்திருப்பவர்கள் சிலர் இந்தக் காலத்தில் ஒரு போகத்தை விட்டுவிடுவார்கள். பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகத் தொடங்கும் நேரம், கை அங்கே தேவைப்படும்.

ஜூன், ஜூலையில் மழையும் காற்றும். ராகி விதைப்பு ஒருபுறம், ஈர இலை மறுபுறம். ஈரத்தோடு இலை போட்டால் படுக்கையில் ஈரம் ஏறி, பூஞ்சணத்தால் வரும் சுண்ணாம்புக்கட்டி நோய் பரவும். புழு விறைத்து வெள்ளையாகிக் கிடக்கும். சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர வைப்பது அந்த நாட்களின் ஓயாத வேலை. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நல்ல காலம். இலையும் தளதளவென்று இருக்கும், கூடும் கெட்டியாக வரும். ஆவணி முகூர்த்தங்களும் தசராவும் தீபாவளியும் சரியாக அப்போதுதான் வந்து நிற்கும். வருமானத்துக்கும் உறவுக்கும் நடுவே வீடு அதிகம் இழுபடுவது வெயிலில் அல்ல, இந்த நல்ல காலத்தில்தான்.

மார்கழிக் குளிரில் தளி மேட்டில் புழு மந்தமாகத் தின்னும். கணக்கு நாலைந்து நாள் நீளும், பொங்கலுக்கு முன் முடிய வேண்டிய போகம் பொங்கலன்றும் கொட்டகையில் கிடக்கும். ஹீட்டரோ கரியடுப்போ வைத்துச் சூடேற்ற வேண்டும், புகையும் தேங்கக் கூடாது. ராகிக் கதிர் அடித்து முடிந்திருக்கும். ராகியோடு ஊடுபயிராகப் போட்ட அவரை காய்த்துக் குலுங்கும். இரவு கடைசித் தீனி போட்டுவிட்டு வந்து, ஊறவைத்த அவரைப் பயறைத் தோல் பிதுக்கியபடி பெண்கள் கதை பேசுவார்கள். மறுநாள் களிக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு. கொட்டகையில் மிஞ்சிய மல்பெரித் தண்டு அடுப்புக்கும், தின்று கழித்த இலை மாட்டுக்கும், புழுவின் எச்சம் எருக்குழிக்கும் போகிறது. மாடு கொடுக்கும் பால் வாரத்துக்கு வாரம் கைச்செலவுக்கு ஆகிறது. கூட்டுப் பணம் வரும் வரை வீட்டை நடத்துவது அந்தப் பால்தான்.

ஆபத்துகளில் பாதி வெளியிலிருந்து வருகிறது. 1980இல் கர்நாடகத்தில் முதன்முதலாகத் தலைகாட்டிய ஊசி ஈ, புழுவின் உடம்பில் முட்டையிட்டு, உள்ளிருந்து தின்று, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். துளைபட்ட கூட்டிலிருந்து அறுபடாத நூல் எடுக்க முடியாது. நைலான் வலை வந்தது இதற்காக. வலையால் தடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. இராயக்கோட்டை, சூளகிரி வட்டாரம் தக்காளிக்குப் பெயர் போனது. ஓசூரைச் சுற்றிப் பசுமைக் குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் விளைகின்றன. அடுத்த வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் ஒரே தீனியில் கொட்டகை முழுக்கப் புழு சுருண்டுவிடும். வரப்பை ஒட்டியவர்கள் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இருக்கும் இடத்தில்தான் இந்தத் தொழில் நிம்மதியாக நடக்கும். தேசிய நெடுஞ்சாலை ஓரத் தோட்டங்களில் புழுதி இன்னொரு தொல்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய போட்டி விடியற்காலை ஆறு மணிக்கு ஊருக்குள் வரும் கம்பெனி வேன்தான். 1970களில் தொடங்கிய சிப்காட் இன்று இரு சக்கர வாகனம், லாரி, கைக்கடிகாரம் தாண்டி மின்னணுப் பொருள்களுக்கு வந்துவிட்டது. அதற்கு வேண்டியது இளம்பெண்களின் கை. இலை வெட்டும் நேரமும் வேன் வரும் நேரமும் ஒன்று. மாதச் சம்பளம் கையில் வாங்கும் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஜப்பானில் 1929இல் சுமார் 22 லட்சம் குடும்பங்கள் புழு வளர்த்தன. இன்று அந்த எண்ணிக்கை சில நூறுக்குள் அடங்கிவிட்டது. செயற்கை இழையும் போரும் காரணம் என்றாலும், வேலைக்குக் கிராமத்தை விட்டு நகர்ந்த தலைமுறையும் ஒரு காரணம்.

இங்கே தொழில் நின்று பிடித்ததற்குக் காரணம் என்ன? மைசூர் ஆராய்ச்சி நிலையம் 1997இல் வெளியிட்ட வி-1 மல்பெரி இலை விளைச்சலைக் கூட்டியது உண்மை. ஆனால் தொழிலைக் காப்பாற்றியவை மனித நேரத்தை மிச்சப்படுத்திய மாற்றங்களே. இளம்புழுவின் முதல் ஏழெட்டு நாளை மையங்கள் ஏற்றுக்கொண்டன. இலையைக் கிள்ளி நறுக்கிப் போடுவதற்குப் பதில் தண்டோடு வெட்டி அப்படியே பரப்பும் முறை வந்தது. தீனி வேளை குறைந்தது, தட்டு மாற்றும் வேலை போனது. கூடு கட்ட வைக்கும் மூங்கில் தட்டான சந்திரிகையில் புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி விட்ட இடத்தில் பிளாஸ்டிக் வலை வந்தது. ஷிப்டு முடித்து வரும் மகளும் மருமகளும் மாலைத் தீனிக்குக் கைகொடுக்க முடிவது இவற்றால்தான்.

பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருப்பதால் கொட்டகை மானியமும் வளர்ப்பாளர் பதிவும் அவர் பெயரிலேயே போகின்றன. சோர்ந்த புழுவை முதலில் கண்டுபிடிப்பவருக்கு, பால்புழு நோயா சூட்டினால் வந்த வாட்டமா என்று பார்வையிலேயே பிரித்துச் சொல்பவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கொட்டகையைக் கூட்டுப் பெயரில் பதிவதும், பயிற்சி நேரத்தை வீட்டு வேலைக்கு ஏற்ப மாற்றுவதும் பெரிய செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. அரசின் பட்டு வளர்ச்சித் துறை இதைச் செய்ய வேண்டும்.

முதிர்ந்த புழு தின்பதை நிறுத்தி, உடம்பு கண்ணாடியாகித் தலையைத் தூக்கும். அன்றைக்கு வீடே கொட்டகையில். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மீட்டருக்கும் நீளமான ஒரே இழையால் தன்னைச் சுற்றி மூடிக்கொள்ளும். ஒரு வாரத்தில் கூட்டைப் பிரித்தெடுத்து, கறை பட்டதையும் இரட்டைக் கூட்டையும் ஒதுக்கி, மூட்டை கட்டுகிறார்கள். உள்ளே உயிருள்ள கூடு நாளுக்கு நாள் எடை குறையும், தாமதித்தால் அந்துப்பூச்சி துளைத்து வெளியேறும். அதனால் அன்றிரவே வண்டி புறப்பட வேண்டும்: தருமபுரி ஏல அங்காடிக்கோ, எல்லை தாண்டி ஆசியாவின் மிகப் பெரிய கூட்டுச் சந்தையான ராமநகரத்துக்கோ. வெண்பட்டுக் கூடு ஏழு கிலோ அளவுக்கு இருந்தால் ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்கும். ஒதுக்கிய கூடுகளும் வீணல்ல. அவற்றை வெட்டிச் சாயமேற்றி மாலையாகவும் பூங்கொத்தாகவும் கட்டும் கைவேலை கர்நாடகத்தில் நன்றாக விலை போகிறது. இந்தப் பக்கம் பெண்கள் குழுக்கள் அதை இன்னும் பெரிய அளவில் எடுக்கவில்லை. எடுத்தால் கோடையில் விட்டுவிடும் அந்த ஒரு போகத்தின் இடைவெளியில் செய்யத் தோதான வேலை அது.

வண்டி போன மறுநாளே கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, சுண்ணாம்பு அடிக்கிறார்கள். வெட்டிய பாதித் தோட்டத்துக்குச் சொட்டுநீர் திறந்துவிடப்படுகிறது. பத்திரிகை வந்து கிடக்கும் கல்யாணங்களுக்குக் குடும்பமாகப் போய்வர அவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கிறது.