வீட்டுக் கணிப்பொறி நெடுநாள் உழைக்க வேண்டுமானால்

1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், நமது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. நாட்டின் கூட்டுறவு இயக்க வரலாற்றில் அச்சிற்றூரின் பெயர் முதலிடம் பெற்றிருப்பது நம் அனைவருக்கும் பெருமை தருவதாகும். அந்நாளில் சங்கக் கணக்குகள் யாவும் பேரேட்டில் மையினால் எழுதப்பட்டன. இன்றோ நிலைமை முற்றும் மாறிவிட்டது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றினை மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏற்றுக் கொண்டது.

சங்கத்தில் மட்டுமன்றி, அங்கத்தினர் இல்லங்களிலும் கணிப்பொறி குடியேறிப் பல ஆண்டுகளாகின்றன. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அந்நாளைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தொடங்கி வைத்ததும் நம் மாவட்டத்துக் காக்களூரிலேதான். பின்னர்ப் பல இலட்சக்கணக்கான மாணவர் கைகளுக்கு அக்கருவி சென்றது. பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் உள்ள நெசவாளர் வீடுகளிலும், பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து உழவர் வீடுகளிலும் பிள்ளைகளின் படிப்பு, நூல் கணக்கு, பட்டா நகல், கடன் மனு ஆகிய அனைத்தும் இன்று இக்கருவியைச் சார்ந்துள்ளன.

இத்தகைய கருவியொன்று நான்கே ஆண்டுகளில் பழுதாகி மூலையில் கிடக்குமாயின், அந்நட்டம் சிறிதன்று. புதியதொன்று வாங்கப் பல மாத உழைப்பின் பயனைக் கொடுக்க வேண்டும். அல்லது கடன்பட வேண்டும். ஆனால் முறையாகப் பேணினால் அதே கருவி எட்டாண்டு, பத்தாண்டு கூட உழைக்கும். அதற்கு வேண்டுவன பெரும்பாலும் பணமல்ல. கவனமும் ஒழுங்குமே ஆகும். ஆதலின் இத்திங்கள் இப்பொருளை எடுத்துக் கொண்டோம்.

தறிக்கும் இதற்கும் உறவுண்டு

கணிப்பொறி ஏதோ அந்நியப் பொருள் என்று நெசவாள அன்பர்கள் எண்ண வேண்டுவதில்லை. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த தறிப்பெட்டியில், துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவு இழை மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று ஆணையிட்டன. அவ்வட்டை முறையைக் கண்டே, ஆங்கில நாட்டுச் சார்லஸ் பாபேஜ் தாம் வகுத்த கணக்கிடும் பொறிக்குத் துளை அட்டைகளைக் கொள்ளத் திட்டமிட்டார். துளையுண்டு, துளையில்லை என்னும் இரண்டே குறிகளால் ஒரு பொறிக்கு ஆணையிடலாம் என்பதனை உலகுக்குக் காட்டியது தறியே. தறியைத் துடைத்து, எண்ணெயிட்டு, இழுவை பார்த்துப் பேணத் தெரிந்த கைகளுக்குக் கணிப்பொறியைப் பேணுதல் அரிதன்று.

முதற் பகை: தூசு

கணிப்பொறியின் உள்ளே நடுநாயகமாக இருப்பது ஒரு சிறு சில்லு. வேலை செய்யுங்கால் அது சூடேறும். அச்சூட்டை ஓர் உலோகத் தகட்டடுக்கு வாங்கிக் கொள்ள, ஒரு விசிறி வெளியிலிருந்து காற்றை இழுத்து அதனை ஆற்றுகிறது. காற்றோடு தூசும் வருகிறது. தகடுகளின் இடுக்கில் தூசு படிந்து கம்பளி போலாகிவிட்டால் காற்றுப் புகாது; சூடு மிகும். சூடு மிகுந்தால் பொறி தன்னைக் காத்துக் கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. மேலும் மிகுந்தால் திடீரென்று நின்றுவிடுகிறது. “பழைய பொறி, மெதுவாகிவிட்டது” என்று நாம் கைவிடும் பலவற்றின் நோய் இதுவேயாகும்.

நம் பகுதியில் இப்பகைக்குப் பல வடிவங்கள் உண்டு. தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் துகள் பறந்துகொண்டே இருக்கும். செங்குன்றத்து அரிசி ஆலைகளைச் சுற்றி உமித் தூசு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளை அடுத்த ஊர்களில் இரும்புத் தூள் கலந்த தூசு. உலோகத்தூள் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையதாதலின் இஃது இன்னும் கொடியது.

ஆகவே, தறியும் கணிப்பொறியும் ஒரே அறையில் இருத்தல் ஆகாது. வேறு வழியில்லையெனில், தறியோடும் நேரத்தில் கணிப்பொறியை நிறுத்தி மூடி வைக்கலாம். ஓடுங்கால் மட்டும் துணி போர்த்தலாகாது. பெட்டியைத் தரையில் வையாது மேசைமேல், சுவரினின்று அரைச் சாணேனும் தள்ளி வைத்தல் வேண்டும். மடிக்கணினியை மெத்தையின்மீதும் தலையணையின்மீதும் வைத்து இயக்கினால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். ஒரு மரப்பலகை போதும், அத்தீங்கு நீங்கும்.

துப்புரவு செய்யும் முறை பின்வருமாறு: தறி வீடாயின் மூன்று திங்களுக்கு ஒரு முறையும், பிற வீடாயின் ஆறு திங்களுக்கு ஒரு முறையும் பெட்டியைத் திறக்க வேண்டும். முதலில் பொறியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். வாசலிலோ திண்ணையிலோ வைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். உள்ளுறுப்பைத் தொடுமுன் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியை ஒரு முறை தொடுக. நம் உடலில் தங்கிய நிலைமின்சாரம் அதனால் நீங்கும். மெல்லிய சாய்வு வண்ணத் தூரிகையால் தூசைத் தளர்த்தி, காற்றூதியால் ஊத வேண்டும். ஊதுங்கால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம்; கட்டின்றிச் சுழன்றால் அதன் தாங்கி கெடும். ஈரத்துணி கூடவே கூடாது. மின்சாரம் வழங்கும் இரும்புப் பெட்டியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஆயுத பூசையன்று கணிப்பொறிக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகிறோம். நல்லதே. அன்று உட்புறத் தூசையும் நீக்கிவிட்டுப் பொட்டிட்டால் பூசை முழுமை பெறும்.

இரண்டாம் பகை: மின்சாரம்

பம்புசெட்டு வைத்திருக்கும் உழவருக்கு மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் சுருள் கருகும் என்று கூற வேண்டுவதில்லை. நம் வீடுகளுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட்டு. அது திடீரெனத் தாழ்வதும் உயர்வதும் கணிப்பொறியின் மின் பெட்டியை நாளடைவில் நலிவிக்கின்றன. அதனினும் கேடு, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுபடுதல். கணக்கு பாதியில் நின்று, சேமிப்புத் தட்டிலுள்ள கோப்பு சிதைந்து போகக் கூடும்.

மேசைக் கணிப்பொறிக்கு ஒரு யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். அது மணிக்கணக்கில் பொறியை ஓட்டுவதற்கன்று. எழுதியதைச் சேமித்து முறைப்படி நிறுத்துவதற்கான பத்து நிமிட அவகாசம் தருவதற்கே ஆகும். அதனுள்ளிருக்கும் மின்கலம் ஏறத்தாழ மூன்றாண்டு உழைக்கும். பிறகு கலத்தை மட்டும் மாற்றினால் போதும், கருவியையே மாற்ற வேண்டுவதில்லை. லேசர் அச்சுப்பொறியை இதனோடு இணைத்தலாகாது. அது ஒரே நொடியில் மிகுந்த மின்சாரத்தை உறிஞ்சும்.

நில இணைப்பு, அதாவது எர்த்து, சரியாக உள்ளதா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்த்தல் நலம். பெட்டியைத் தொட்டால் சுரீரென்று உணர்வது எர்த்து இல்லாமைக்கு அடையாளம். இடி மின்னல் வேளையில் சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. கம்பியையே பிடுங்கிவிட வேண்டும். 2016ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் வந்த வார்தா புயலின்போது நம் பகுதியில் கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை அனைவரும் அறிவர். நெடுநேரம் நின்ற மின்சாரம் மீளும்போது அழுத்தம் ஏறி இறங்கும். விளக்கு நிதானமாக எரிவதைச் சிறிது நேரம் கண்ட பின்னரே கணிப்பொறியை இணைத்தல் வேண்டும்.

ஈரமும் வெள்ளமும்

பழவேற்காட்டை அடுத்த கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு, உலோக இணைப்புகளைப் பாசியேற்றும். வாரத்தில் இரண்டு மூன்று நாளேனும் பொறியை இயக்கினால் அதன் சூடே ஈரத்தை விரட்டும். பொறி உயிர் பெறாமற் போனால், ராம் என்னும் நினைவுத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை எழுத்து அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். பல வேளைகளில் அது போதுமானதாக இருக்கும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கியது. நீர் புகுந்த பொறியை “ஓடுகிறதா பார்ப்போம்” என்று உடனே இயக்குவதே பெருந்தவறு. மின்கலத்தை நீக்கி, நிழலில் காற்றோட்டமாகப் பல நாள் உலர்த்தி, அறிந்தவரிடம் காட்ட வேண்டும். பொறி பிழைக்காவிடினும் சேமிப்புத் தட்டிலுள்ள கணக்குகள் பிழைக்கலாம்.

மின்கலமும் சிற்றுறுப்புகளும்

மடிக்கணினியின் லித்தியம் மின்கலத்துக்குச் சூடும், எப்பொழுதும் நூற்றுக்கு நூறு நிரம்பியிருப்பதும் ஆகா. இயன்றவரை இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்க விடாமலும் எண்பதுக்கு மேல் நிறுத்தி வையாமலும் பயன்படுத்தினால் அதன் ஆயுள் நீளும். விடுமுறையில் எடுத்து வைப்பதாயின் பாதியளவு நிரப்பி வைக்க. கலம் உப்பிக் காணப்பட்டால் அன்றே பயன்பாட்டை நிறுத்துக. அதனைக் குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்தில் முடியும்.

கணிப்பொறி நாள்தோறும் தேதியை மறந்து பழைய ஆண்டைக் காட்டுமாயின் அஞ்ச வேண்டா. மதர்போர்டில் காசு வடிவிலுள்ள மூன்று வோல்ட்டுக் கலம் தீர்ந்தது என்பதே அதன் பொருள். சில பத்து ரூபாயில் அது கிடைக்கும். தவறிய தேதியோடு கூலிக் கணக்கும் வட்டிக் கணக்கும் எழுதாதிருத்தல் முக்கியம்.

வேகம் குறைந்த பழைய பொறிக்குப் புத்துயிரூட்டும் வழிகள் இரண்டு. சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பைப் பொருத்துதல் ஒன்று. நினைவுத் தகட்டை 4 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி.யாக உயர்த்துதல் மற்றொன்று. புதுப்பொறியின் விலையில் ஒரு சிறு பகுதிக்குள் இவை முடிந்துவிடும். பழைய டிஸ்கிலிருந்து டக்டக்கென்று ஒலி கேட்குமாயின் தாமதியாது கோப்புகளைப் பிரதி எடுத்துக் கொள்ள வேண்டும்.

நல்ல பொறியைக் கழிக்கலாமா?

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10க்கு அளித்து வந்த பொது ஆதரவை மைக்ரோசாப்டு நிறுவனம் முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு முதலிய வசதிகள் இல்லாத பழைய பொறிகள் பலவுண்டு. உறுப்பெல்லாம் நன்றாயிருந்தும் அவை வீணென்று கழிக்கப்படும் நிலை வந்துள்ளது. லினக்ஸ் வகை இயக்க முறைமைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழும் அவற்றில் செவ்வனே இயங்கும். பாஸ் என்னும் இந்திய லினக்ஸ், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானதே. படிப்பு, கடிதம், கணக்கு அட்டவணை, இணையம் ஆகியவற்றுக்கு அவை போதும். ஆயினும் நாம் பயன்படுத்தும் குறிப்பிட்ட கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்று முன்னதாகச் சோதித்தறிதல் வேண்டும்.

எப்பொறியும் ஒரு நாள் நின்றே தீரும். ஆதலால் முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: பொறியில் ஒன்று, தனிச் சேமிப்புக் கருவியில் ஒன்று, வீட்டுக்கு வெளியே வேறிடத்தில் ஒன்று.

ஒரு பொறிக்குப் பின்னால்

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாளைய கணிப்பொறி ஒன்றையும் அதன் திரையையும் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ இரசாயனமும், 1,500 கிலோ நீரும் செலவாகின்றன என்று கணக்கிட்டது. கருவிகள் இன்று மாறியுள்ளன. ஆயினும் பொறியின் ஆயுள் நீடித்தால் இவ்வாறான செலவு ஒரு முறை தவிர்க்கப்படுகிறது என்னும் உண்மை மாறவில்லை. நீரின் அருமை உழவருக்குத் தெரியும்.

இறுதியில் கழிக்கும்போது காயலான் கடையில் போடுதல் தகாது. கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் புகையிலும், உடைத்தெறியும் பலகைகளிலும் ஈயம் முதலிய நஞ்சுகள் உண்டு. அவை நம் கிணற்றுக்கும் ஏரிக்குமே வந்து சேரும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவற்றை ஒப்படைத்தல் வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒவ்வொரு வீட்டிலும் காற்றூதியும் திருப்புளித் தொகுதியும் மின்னளவியும் இருக்க இயலாது, இருக்கவும் வேண்டுவதில்லை. சங்கம் ஒரு தொகுதி வாங்கி வைத்தால் நூறு வீடுகள் பயன்பெறும். ஊரில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர் ஒருவருக்குச் சிறு ஊதியம் அளித்து, திங்களில் ஒரு நாள் அங்கத்தினரின் பொறிகளைச் சங்கக் கட்டடத்தில் துப்புரவு செய்விக்கலாம். பழுதான பல பொறிகளின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து வைத்தால், அவற்றைக் கொண்டே ஏழை மாணவர் ஒருவருக்கு ஒரு பொறி அமைத்துத் தரவும் கூடும். கழிவையும் ஒருங்கே சேர்த்து அனுப்பினால் தக்க விலை கிடைக்கும்.

தனியே வாங்க இயலாததை ஒன்று சேர்ந்து வாங்கினோம். தனியே விற்க இயலாததை ஒன்று சேர்ந்து விற்றோம். அவ்வாறே, தனியே காக்க இயலாததை ஒன்று சேர்ந்து காப்பதும் கூட்டுறவின் கடமையே. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நம் சங்கங்களை வேண்டிக் கொள்கிறோம்.