சொகுசு கார் ஆலைக்குள் ஒரு பார்வை: பூட்டுவது இங்கே, உருவாவது எங்கே?

திருவனந்தபுரம்: திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவராக விளங்கிய உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 ரகக் காரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இந்நகரில் குறைவு. 1950-களில் வாங்கப்பட்டு, 'சி.ஏ.என். 42' என்ற கர்நாடகப் பதிவெண்ணுடன் பட்டம் அரண்மனையில் நின்ற கார் அது. புதிய கார்களைக் கொடுத்து அதைத் திரும்பப் பெறத் தயாரிப்பு நிறுவனமே முன்வந்தபோதும் அவர் இசையவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. 2013 டிசம்பரில் அவர் காலமாகும் வரை அது அவரிடமே இருந்தது.

அன்று சொகுசு கார் என்றால் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பொருள். இன்று அத்தகைய கார்கள் பல இந்திய ஆலைகளிலிருந்தே வெளிவருகின்றன. ஆனால், அந்த ஆலைகளைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: இங்கே கார் உருவாகிறதா, பூட்டப்படுகிறதா?

கேரளத்தில் கார் தொழிற்சாலை இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலும்மூட்டில், 1978-ல் நிறுவப்பட்ட மாநில அரசின் கேரள ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் உள்ளது. அதன் தயாரிப்பு மூன்று சக்கர வண்டிகள். 2019-ல் 'நீம் ஜி' என்ற மின்சார ஆட்டோவை அது அறிமுகப்படுத்தியது. சொகுசு கார் உருப்பெறுவதைக் காண விரும்பும் திருவனந்தபுரத்துப் பொறியியல் மாணவர் தமிழகத்துக்கு ரயிலேற வேண்டும். எழும்பூர் செல்லும் அனந்தபுரி விரைவு ரயிலின் தடத்தில், செங்கல்பட்டைத் தாண்டியதும் பரனூர். அங்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டி வளாகத்தில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆலை 2007 மார்ச் முதல் இயங்கி வருகிறது. இந்தியாவில் பூட்டப்பட்ட அந்நிறுவனத்தின் ஒரு லட்சமாவது கார் 2021-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது.

உதிரியாக வரும் கார்

கார் ஆலை என்றதும் பழுக்கக் காய்ச்சிய இரும்பையும், தீப்பொறி பறக்கும் பற்றவைப்புக் கூடத்தையும் எதிர்பார்த்துச் செல்பவருக்கு இத்தகைய ஆலை வியப்பளிக்கும். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் ராட்சத எந்திரங்கள் இல்லை. வண்ணம் பூசும் கூடமும் இல்லை. வெளிநாட்டு ஆலைகளில் உருவாகி, வண்ணமும் பூசப்பட்ட கார் கூடுகள் கடல்வழியாக வருகின்றன. அவற்றுக்குரிய பாகங்கள் பெட்டிகளில் வருகின்றன. ஜெர்மனியில் வாக்கர்ஸ்டோர்ஃப் என்ற ஊரிலுள்ள அந்நிறுவனத்தின் மையம், வெளிநாட்டு ஆலைகளுக்கான பாகங்களைக் கட்டி அனுப்புவதையே முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

பூட்டும் வரிசையில் நிலையத்துக்கு நிலையம் கார் நகர, கம்பித் தொகுப்பு, முகப்புப் பலகை, கண்ணாடி, இருக்கை எனப் பாகங்கள் ஒவ்வொன்றாகச் சேருகின்றன. பார்வையாளர்களைப் பெரிதும் கவரும் கட்டம், மேலிருந்து இறங்கும் கூடும் கீழிருந்து உயரும் எஞ்சினும் அச்சும் ஒன்றாக இணைவது. கார் ஆலைத் தொழிலாளர் வழக்கில் இதற்குப் பெயரே 'திருமணம்'! பின்னர் சக்கரங்களின் கோணம் சரிபார்க்கப்படும். உருளைகள் மீது காரை ஓட்டிப் பார்ப்பார்கள். செயற்கை மழையில் நிறுத்தி நீர்க்கசிவு உண்டா என்று சோதிப்பார்கள்.

இதே நிறுவனத்தின் மியூனிக் ஆலையைச் சுற்றிப் பார்ப்பவர்கள், எஃகுத் தகடு கதவாக மாறுவது முதல் கார் முழுமை பெறுவது வரை காண இயலும். ஆனால், ஐரோப்பாவிலும் எல்லா ஆலைகளும் அப்படியல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2001-ல் கண்ணாடிச் சுவர்களுடன் ஓர் ஆலையைத் திறந்தது. 2016 வரை 'பேட்டன்' சொகுசு கார் அங்கே பூட்டப்பட்டது. பார்வையாளர்கள் கண்டு களிப்பதற்கென்றே அமைந்த அந்த ஆலைக்கும் வண்ணம் பூசிய கூடுகள் வெளியிலிருந்தே வந்தன.

வரி வகுத்த வழி

இந்தியாவில் இம்முறை வேரூன்றியதற்கு முதன்மைக் காரணம் சுங்க வரி. 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள கார் முழுமையாக இறக்குமதியானால் அதற்கான வரி 2013 பட்ஜெட்டில் 75 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே கார் உதிரிப் பாகங்களாக வந்தால் அப்போது வரி 10 சதவீதம்தான். 2018-ல் இது 15 சதவீதமாயிற்று. இந்த இடைவெளியே ஆலை அமைக்கும் செலவை ஈடுகட்டிவிடும்.

'உதிரி' என்றால் என்ன என்பதில் 2011-ல் மத்திய அரசு ஒரு கிடுக்கிப்பிடி போட்டது. எஞ்சினோ கியர் பெட்டியோ முன்கூட்டியே பூட்டப்பட்ட நிலையில் வந்தால் 10 சதவீதச் சலுகை கிடையாது. 30 சதவீதம் கட்ட வேண்டும் என்றாயிற்று. எஞ்சினையும் இங்கேயே பூட்ட வேண்டிய தேவைக்கு அது தூண்டுகோலானது.

அதன் பலன் 2015-ல் வெளிப்பட்டது. உள்நாட்டுப் பாகங்களின் பங்கு 50 சதவீதம் வரை உயர்ந்திருப்பதாக பி.எம்.டபிள்யூ. அறிவித்தது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பூட்டித் தரும் பொறுப்பை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஏற்றது. அச்சுகள், இருக்கைகள், கம்பித் தொகுப்பு, புகைபோக்கி அமைப்பு ஆகியவற்றையும் இந்தியாவிலுள்ள நிறுவனங்கள் வழங்கின. அந்த அறிவிப்பையொட்டிச் செங்கல்பட்டு ஆலைக்கு வந்த கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர், தொழிலாளர்களுடன் சேர்ந்து ஒரு காரைப் பூட்டியது அப்போது பரபரப்பான செய்தியாயிற்று. படங்களில் டெண்டுல்கர் தெரிந்தார். செய்தியின் உட்பொருளோ அவர் கையிலிருந்த பாகம் எங்கே தயாரானது என்பதுதான்.

மாணவர்க்கு என்ன பயன்?

சில மணி நேரப் பார்வையில் மாணவர்கள் பெறுவது குறைவே. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தரையில் வரைந்த கோட்டுக்குள் நடந்து, எதையும் தொடாமல் திரும்புவதே இத்தகைய ஆலைகளில் நடைமுறை. பொறியியல் கல்வியோ தொட்டுப் பழகி வருவது. இக்குறையை ஓரளவு போக்கும் முயற்சி ஒன்று 2018-ல் நடந்தது. 'ஸ்கில் நெக்ஸ்ட்' என்ற திட்டத்தின் கீழ் 365 எஞ்சின்களையும் கியர் பெட்டிகளையும் பொறியியல், தொழில்நுட்பக் கல்வி நிலையங்களுக்கு இலவசமாக வழங்க பி.எம்.டபிள்யூ. முன்வந்தது. கழற்றிப் பூட்டிப் பார்க்கும் வாய்ப்பு, ஆலையைக் காண்பதைவிட மேலான பாடம்.

பூட்டும் வேலை இழிவானதல்ல. ஒரு திருகை எத்தனை விசையுடன் முடுக்க வேண்டும் என்பதில் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. எனினும், காரின் வடிவமைப்பும் அடிப்படைத் தொழில்நுட்பமும் வேறொரு நாட்டில் இருக்கும்வரை லாபத்தின் பெரும்பகுதியும் அங்கேயே இருக்கும். ஆகவே ஆலைக்குச் செல்லும் மாணவர், "இந்தக் கார் எத்தனை வேகத்தில் ஓடும்?" என்று கேட்டால் போதாது. "இதில் எந்தப் பாகம் இங்கே தயாரானது? எது இன்னும் தயாராகவில்லை? ஏன்?" என்று கேட்க வேண்டும். நாளைய தொழில் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.