இரண்டு மாடிப் படிகள்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஆஸ்துமா உள்ளவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானமே அறிவுறுத்துகிறது. வேண்டுதல் விடுமா? இன்ஹேலரை மடியில் கட்டிக்கொண்டு, வழியிலுள்ள காலிகோபுரம் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, எப்படியோ ஏறிவிடுகிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் கட்டிலுக்குப் பயப்படுகிறார்கள் என்பது வெளியே வராத சங்கதி.

உடலுறவுக்குப் பெரும்பாலானோருக்கு ஆகும் உழைப்பு, இரண்டு மாடி ஏறுகிற அளவுதான். நோய் கட்டுக்குள் இருந்தால் நுரையீரல் அதைத் தாங்கும். தாங்காதது மனசு. என்றோ ஒரு ராத்திரி நடுவில் வீசிங் வந்திருக்கும். அதற்குப் பிறகு கணவர் தள்ளிப் படுப்பார். "என்மேல ஆசை விட்டுப்போச்சு" என்று மனைவி நினைத்துக்கொள்வாள். அவளுக்கு இளைப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம்: மூச்சு முட்டுகிறது என்று சொன்னாலும் சாக்கு என்றுதான் பெயர்.

நேரமும் கைகொடுப்பதில்லை. ஆஸ்துமா அதிகம் முறுக்கிக்கொள்வது நள்ளிரவு தாண்டி விடியும்வரை. சித்தூரின் இரண்டு அறை வீட்டில், பெரியவர்களும் பிள்ளைகளும் உறங்கிய பிறகு தம்பதிக்குக் கிடைப்பதும் அதே பொழுதுதான். போதாக்குறைக்குக் கட்டிலடியில் கொசுவர்த்திச் சுருள், மாடத்தில் ஊதுபத்தி, வருஷக்கணக்காய் வெயில் காணாத இலவம்பஞ்சு மெத்தை. முதலில் சுருளை அணைத்து வலையைக் கட்டுங்கள். மார்பில் பாரம் அழுத்தாதபடி படுங்கள். உழைப்பினால் இழுப்பு வருகிறவர்கள், கால் மணி நேரம் முன்பு இன்ஹேலர் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அடிக்கடி அப்படித் தேவைப்பட்டால் அன்றாடச் சிகிச்சையே போதவில்லை என்று பொருள்.

"இன்ஹேலர் அடிச்சா ஆண்மை போயிடும்" என்ற பேச்சுக்கு வருவோம். எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு இது. ஒரு தடவை இழுக்கும் புடசோனைடு பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். அது வேலை செய்வது பெரும்பாலும் மூச்சுக்குழாயில்தான். இன்ஹேலருக்குப் பயந்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றே 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். அது உடம்பு முழுக்கப் போகிறது. மாசக்கணக்கில் தின்றால் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும், முகம் ஊதும், எடை ஏறும். பயந்தது எதற்கோ, விழுங்கியது எதையோ! ஆனால் நாள்பட்டுச் சாப்பிட்டு வந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், வாயே ஒரு மாதிரி ஆகிவிடும். நெருங்கிப் படுக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல, கொப்பளித்துத் துப்புங்கள். படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படும் ப்ரோப்ரனோலால் இழுப்பைக் கிளப்பும், சிலருக்கு விறைப்பையும் குறைக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சாதாரண ஆணுறையே இழுப்பு கொடுக்கலாம். பாலியூரித்தேன் ஆணுறையும் உண்டு.

மருமகள் உண்டானதும் இன்ஹேலரைப் பிடுங்கி வைத்துவிடும் மாமியார்களைப் பற்றி அடுத்த வாரம்.