மீட்டரில் பூஜ்யம் காட்டும் பேட்டரி

ராஜபாளையத்திலிருந்து நீர்காத்த அய்யனார் கோவிலுக்குப் போகிற பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சப்பட்டை மா காய்க்கிற பருவத்தில் ராக்காவலுக்கு ஹெட்லைட் இல்லாமல் முடியாது. மேலே புலிகள் காப்பகம், கீழே பன்றி. சீசன் முடிந்ததும் லைட் மோட்டார் ரூம் ஆணிக்குப் போய்விடும். மறு வருஷம் எடுத்தால் எரியாது, சார்ஜும் ஏறாது. "பேட்டரி செத்துப்போச்சு அண்ணாச்சி" என்று கடையில் புதுசை நீட்டுவார்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்: பல நேரம் அது சாகவில்லை.

இந்த மாதிரி லைட்டுகளில் பெரும்பாலும் இருக்கிற லித்தியம்-அயனி செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம், ரொம்ப இறக்கினால் உள்ளே கெடும். அதனால் பல பேட்டரிகளின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பாதுகாப்பு போர்டு இருக்கும். அதில் அதிகம் பார்க்கிற சிப் டிடபிள்யூ01ஏ. செல் சுமார் 2.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது வழியை அடைத்துவிடும். அப்புறம் வெளிமுனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 0 தான் காட்டும். காவல்காரர் கேட்டைப் பூட்டிவிட்டுப் போன தோப்பில் எத்தனை மரம் நிற்கிறது என்று ரோட்டிலிருந்து எப்படித் தெரியும்?

சார்ஜரிலிருந்து கரண்ட் வந்தால் போர்டு தானே திறந்துகொள்ளும். சிக்கல் என்னவென்றால், சில 'புத்திசாலி' சார்ஜர்கள் முதலில் வோல்ட்டைத் தேடும். 0 என்றால் பேட்டரியே இல்லை என்று சும்மா இருந்துவிடும். கெட்டிக்காரத்தனம் கூடிப்போனால் இப்படித்தான்.

ஆகவே போர்டைத் தாண்டி, செல்லின் இரு முனைகளிலும் நேராக மீட்டர் வையுங்கள். கம்பி முனைகள் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முயன்று பார்க்கலாம். டிபி4056 என்ற மலிவான சார்ஜிங் போர்டு, செல் 2.9 வோல்ட்டைத் தொடும்வரை வழக்கமான கரண்டில் பத்தில் ஒரு பங்குதான் விடும். அந்த நிதானம்தான் வேண்டும். சிமெண்டுத் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருங்கள். சூடேறினால் உடனே கழற்றிவிடுங்கள். முழுசாக ஏறியதைச் சில நாள் சும்மா வைத்து மறுபடி அளந்து பாருங்கள். வோல்ட் சரசரவென்று இறங்கியிருந்தால் அந்தச் செல் தேறாது.

1.5 வோல்ட்டுக்கும் கீழே வாரக்கணக்கில் கிடந்த செல்லைத் தொடவே வேண்டாம். அந்த நிலையில் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். மீட்டரில் நல்லபடியாகத் தெரிகிற செல் அப்புறம் ஒருநாள் ராத்திரி எரிவது இதனால்தான். உப்பியது, நசுங்கியது, இனிப்பு வாடை அடிப்பது எதற்கும் இந்த வைத்தியம் இல்லை. நிறைந்த செல்லை வற்றிய செல்லோடு கம்பியால் கோர்த்து 'உயிர் கொடுக்கும்' வித்தையும் எனக்குப் பிடிக்காது. எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்று பார்க்கவோ நிறுத்தவோ அங்கே ஆளில்லை.

செத்துப்போன செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருடையது.

அடுத்த சீசன் முடிவில் லைட்டை ஆணியில் மாட்டும் முன் பாதிக்குச் சற்று மேலே சார்ஜ் ஏற்றுங்கள். செல்லைக் கழற்ற முடிந்தால் கழற்றியே வையுங்கள். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் லைட்டின் சர்க்யூட் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.