வியாழக்கிழமை பிரஸ் ஷோ எங்கே போனது?

‘கங்குவா’ 2024 நவம்பர் 14-ம் தேதி வெளியானது. மூன்று நாள் கழித்து, படத்தின் நாயகனுடைய மனைவி ஜோதிகா இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். விமர்சகர்களை ஒரு பிடி பிடித்த அந்தப் பதிவிலேயே, முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் காதை உறுத்துகிறது என்று அவரே சொல்லியிருந்தார். தயாரிப்பாளர் தரப்பிலிருந்தும் தியேட்டர்களுக்குச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்கடுத்து படத்தில் 12 நிமிடம் போனது. பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களை எடுத்துப் பாருங்கள். சத்தம் அதிகம், ஆரம்பக் காட்சிகள் தேவையில்லை என்ற இரண்டையும்தான் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள்.

அதே வாரம்தான் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ மூன்றுக்கும் விமர்சனங்களால் பாதிப்பு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களுக்கு வேண்டுகோள். டிசம்பரில் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று தடை கேட்டார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் சேர்ந்தது, பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரளத்தில் இதே மாதிரி வழக்கு ஒரு வருடம் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது. அங்கே 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று ஒரு யோசனைகூட நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், விமர்சனத்துக்குத் தடை கேட்பவர்களைப் போல விமர்சனத்தை வரிவரியாகப் படிப்பவர்கள் யாரும் இல்லை. 2024-ல் மட்டும் பாருங்கள். ‘இந்தியன் 2’ ஜூலை 12-ல் வந்தது. மூன்று மணி நேரம் இழுக்கிறது என்று எழுதினார்கள். இரண்டே நாளில் 12 நிமிடம் வெட்டு. ‘மெய்யழகன்’ செப்டம்பர் 27-ல் வந்தது. நல்ல படம், ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார்கள். 18 நிமிடம் வெட்டு. பிறகு ‘கங்குவா’. ரிலீஸுக்கு முன்னால் எடிட்டிங் டேபிளில் நடக்க வேண்டிய வேலை ரிலீஸுக்குப் பின்னால் விமர்சனத்தை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது. அதற்கு விமர்சகருக்கு சம்பளமும் கிடையாது, நன்றியும் கிடையாது.

எல்லா வெட்டும் நல்ல வெட்டு என்று நான் சொல்ல வரவில்லை. ‘மெய்யழகன்’ விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். ஊரைவிட்டுப் போன ஒருவன் ஒரே ஓர் இரவு திரும்பி வருகிறான். பெயர்கூட நினைவில்லாத ஒரு சொந்தக்காரன் அவனை உபசரிக்கிறான். அரவிந்த்சாமி முகத்தில் அந்தப் பெயர் தெரியாத கூச்சம் படம் முழுக்க ஓடுகிறது. அந்த இரவு நீளமாக இருப்பதுதான் அந்தப் படம். ‘நீளம்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போனதற்குப் பதிலாக, எந்த இடத்தில் பேச்சு கதாபாத்திரத்தை விட்டு விலகி இயக்குநரின் குரலாகிறது என்று யாராவது சுட்டியிருந்தால் கத்தரி சரியான இடத்தில் விழுந்திருக்கும். ஓ.டி.டி-க்கு வந்த பிறகு அதே படத்தை வேற்று மாநிலக்காரர்களும் உட்கார்ந்து ரசித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தியேட்டரில் பார்க்கிற அவசரம் அவர்களுக்கு இல்லை.

அந்த அவசரம்தான் பத்திரிகை விமர்சனத்தைக் கெடுத்தது என்பேன். முன்பெல்லாம் படம் வெளியாகி ஒரு வாரம் கழித்து விமர்சனம் வரும். ஆனந்த விகடன் மார்க்குக்காகக் காத்திருந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1977-ல் ‘16 வயதினிலே’வுக்குக் கொடுத்த 62½ மார்க்கை சினிமாக்காரர்கள் இன்றைக்கும் மேடையில் சொல்வார்கள். அறுபதைத் தொடுவது அபூர்வம், நாற்பதைத் தாண்டினால் டிக்கெட் எடுக்கலாம் என்று வாசகர்களே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்த மார்க்கோடு சண்டை போட்ட இயக்குநர்கள் உண்டு. மார்க் போடவே கூடாது என்று எவரும் கோர்ட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. 2023 ஜனவரியில் ‘துணிவு’ ரிலீஸ் கொண்டாட்டத்தில் சென்னையில் ரசிகர் ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். அது நல்ல முடிவு, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் பாலக்காட்டிலும் பெங்களூரிலும் விடியற்காலையிலேயே காட்சி ஆரம்பித்துவிடுகிறது. அமெரிக்காவில் முதல் நாள் மாலையே பிரீமியர். சென்னை விமர்சகர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே இடைவேளை வரைக்குமான தீர்ப்பு எக்ஸ் தளத்தில் வந்துவிடுகிறது. அவர் ஒன்பது மணி காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் பத்து மைக் நிற்கிறது. அவருடைய ஆபீஸிலிருந்து போன் வருகிறது: ஒரு மணிக்குள் இணையதளத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு மணிக்குள் எழுதுகிறவர் கையில் எது வரும்? கைக்குப் பழகிய வாக்கியங்கள்தான் வரும். ‘முதல் பாதி விறுவிறு, இரண்டாம் பாதி இழுவை.’ ‘பின்னணி இசை படத்துக்குப் பலம்.’ ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி.’ ‘நாயகி வந்து போகிறார்.’ ‘லாஜிக் ஓட்டைகளைத் தவிர்த்திருக்கலாம்.’ இந்த ஐந்து வரியை எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், படமே பார்க்காமலும் ஒட்டலாம். மீதி இடத்தைக் கதைச்சுருக்கம் அடைத்துக்கொள்ளும். ‘மகாராஜா’ மாதிரி ஒரு படத்துக்கு இது துரோகம். வீட்டில் குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது என்று ஒரு சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷன் படியேறுகிறார். அதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் போச்சு.

2024 ஆகஸ்ட் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாழை’, ‘கொட்டுக்காளி’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. ‘வாழை’க்குக் கூட்டம் வந்தது. பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்வந்த ‘கொட்டுக்காளி’யைப் பார்த்துவிட்டு, ‘பாட்டு இல்லை, க்ளைமாக்ஸ் இல்லை’ என்று கடுப்போடு வெளியே வந்தவர்கள் நிறைய. விமர்சகருக்கு வேலை இருந்த இடம் அதுதான். சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள். அதட்டியே பழகியவனுக்குக் குரல் எழும்பவில்லை. அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பின்னணி இசையும் இல்லை. ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும்தான். வழியை மறித்து நிற்கும் காளைக்கு முன்னால் ஆம்பளைகள் அத்தனை பேரும் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். இந்த நான்கு விஷயத்தையும் கோத்துக் காட்டினால் போதும், டிக்கெட் எடுத்தவர் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து உட்கார்ந்திருப்பார். ‘உலகத் தரம்’ என்று எழுதியவர்களும் உதவவில்லை, ‘பொறுமையைச் சோதிக்கிறது’ என்று எழுதியவர்களும் உதவவில்லை.

அடுத்த மாதம் வந்த ‘லப்பர் பந்து’ வேறு கதை. பெரிய ஹீரோ கிடையாது. விஜயகாந்த் பாட்டு போட அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்குகிற காட்சிக்கு தியேட்டரே எழுந்து ஆடியது. அந்த ஆட்டத்தோடு நிற்காமல், நன்றாக விளையாடுகிறவனை ஏன் ஓர் அணி உள்ளே சேர்க்கவில்லை என்ற சாதிக் கணக்கையும் எடுத்துச் சொன்ன விமர்சனங்கள் வந்தன. படம் வாரக்கணக்கில் ஓடியது. விமர்சனத்தால்தான் ஓடியது என்று மார்தட்ட முடியாது. ஆனால் விளம்பரத்துக்குக் காசில்லாத படத்துக்குப் பத்திரிகையில் வரும் நான்கு பத்தி எவ்வளவு பெரிய விஷயம் என்பது சின்னத் தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் இன்றைக்கும் ரிலீஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பிரஸ் ஷோ போட்டு, வாசலில் நின்று வணக்கம் சொல்கிறார்கள்.

பெரிய படங்களுக்கு விமர்சனம் அவ்வளவு பெரிய எமனா என்றால், அதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த ‘கூலி’க்குக் கலவையான விமர்சனம்தான். வசூலுக்குக் குறைவில்லை. ‘குட் பேட் அக்லி’யை ரசிகர்களுக்கு மட்டுமான படம் என்றார்கள், ரசிகர்களே போதும் என்று ஆனது. ‘நாயகன்’ வந்து 38 வருடம் கழித்து மணிரத்னமும் கமலும் சேர்ந்த ‘தக் லைஃப்’ படுத்தது. ஆனால் அதைப் படுக்கவைத்தது எந்த விமர்சகரும் இல்லை. அந்தக் கதைதான்.

எல்லா விமர்சகரும் யோக்கியர் என்றும் சொல்லமாட்டேன். ‘கவர்’ என்ற சொல்லுக்கு சினிமா நிருபர்கள் வட்டாரத்தில் என்ன அர்த்தம் என்பது கோடம்பாக்கத்தில் டீ விற்பவருக்கும் தெரியும். அது போய் இப்போது ட்வீட்டுக்கு இவ்வளவு, வீடியோவுக்கு இவ்வளவு என்று ரேட் கார்டு பற்றிப் பேசுகிறார்கள். காசு கொடுத்துப் பாராட்டு வாங்குகிற தொழில்தான், திட்டு விழுந்தால் அதையும் யாரோ காசு கொடுத்து வாங்கியதாகச் சந்தேகப்படுகிறது. யூடியூப் விமர்சகர் புளூ சட்டை மாறன் பேச்சுக்கு எவ்வளவு கோபப்பட்டாலும், அவரே 2021-ல் ‘ஆன்டி இண்டியன்’ எடுத்து மற்றவர்கள் வாயில் விழத் தயாராக நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் எழுதி சிறந்த விமர்சகர் என்று 2005-க்கான தேசிய விருது வாங்கிய பரத்வாஜ் ரங்கனும் இன்று வீடியோவில்தான் அதிகம் பேசுகிறார். எழுத்தில் இருக்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

தயாரிப்பாளர்கள் யோசிக்க வேண்டியது ஒன்றுதான். ஸ்டார் படங்களுக்கு ரிலீஸுக்கு முன் பிரஸ் ஷோ போடுவதை நிறுத்தியது யார்? நீங்கள்தான். படத்தைப் பார்த்து, ஓர் இரவு யோசித்து எழுதக்கூடியவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தினீர்கள். காலை பதினொன்றரைக்கு வாசலில் மைக் வைத்தவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கோர்ட்டுக்குக் கட்டுகிற வக்கீல் ஃபீஸில் ஒரு பங்கு போதும், சென்னையில் ஒரு பிரிவியூ தியேட்டரை வாடகைக்கு எடுக்கலாம். உங்கள் அடுத்த பெரிய படத்துக்கு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு பிரஸ் ஷோ போடுங்கள். வெள்ளிக்கிழமை காலைப் பேப்பரில் நிதானமாக எழுதிய விமர்சனம் வரட்டும். படம் நன்றாக இருந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை.